குஞ்சப்புல்லுக்கு விழுந்த வழுக்கை

செக்கிங் அக்காவுக்கு யார் மேலேயும் நம்பிக்கை கிடையாது. கடிகாரத்தின் மேல்கூடக் கிடையாது. சுவரில் மணி பார்த்துவிட்டு, போனை எடுத்து இன்னொரு தடவை சரிபார்த்துக்கொள்வாள். பால் பாக்கெட்டை வாங்கினால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நனைத்துக்கொண்ட பிறகுதான் "ஆமா, பெய்யுது" என்பாள். அப்படி ஒரு பிறவி.

பிறவி என்று சொன்னது தப்பு. பிறக்கும்போது எல்லாரையும் போலத்தான் பிறந்திருப்பாள். துணி ஃபேக்டரி அவளை அப்படிப் பண்ணிவிட்டது. பாவாடை கட்டுகிற வயசில் நூல் பிசிர் வெட்டுகிற வேலைக்குப் போனவள், கொஞ்ச நாளில் செக்கிங் மேஜைக்கு வந்தாள். தைத்து வருகிற சட்டையை விரித்து, உள்பக்கம் திருப்பி, தையல் முழுக்க விரலால் தடவி, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதுதான் வேலை. வந்த புதிதில், தையல் மெஷினில் இருந்த சிநேகிதி ஒருத்தி, "நான் பாத்துட்டேன்டி, எல்லாம் ஓகே, அனுப்பு" என்றாள். இவளும் திருப்பிப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள். அந்தச் சட்டைக் கட்டு மொத்தமும் திரும்பி வந்தது. இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் இவளை ஸ்டூல் மேல் ஏற்றி, அத்தனை பேருக்கு முன்னால் நிற்க வைத்தார். சிநேகிதி தலையைக் குனிந்தபடி தைத்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு முடிவு பண்ணினாள், உள்பக்கம் திருப்பாமல் உலகத்தில் எதையும் நம்பக்கூடாது என்று.

கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. வந்த மாப்பிள்ளைப் பையன் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தான். ஆனால் சட்டையில் மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நூலில் தைத்திருந்தது. "இது யார் தைச்சுக் கொடுத்தது?" என்று கேட்டாள். அவன் அம்மாவே தைத்திருக்கலாம், யார் கண்டது. பேச்சு அத்தோடு முறிந்தது.

அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கினவள் அவள்தான். அவன் ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் பண்ணுகிறவன். வாய் திறப்பது அபூர்வம். திறந்து சொல்லிவிட்டால் மாற்ற மாட்டான். அவன் கட்டிக்கொண்டு வந்த பெண் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கண் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கிறவளை, வீட்டில் ஒருத்தி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கூத்தைப் பாருங்கள். டப்பாவில் சர்க்கரை குறைந்தால் கேள்வி, ஒரு ஸ்பூன் இடம் மாறினால் கேள்வி. ஒரு தடவை பிசிர் வெட்டுகிற சின்னக் கத்தரியைக் காணோம் என்று அந்தப் பெண்ணின் கைப்பையையே கவிழ்த்துக் கொட்டிவிட்டாள். கத்தரி இவள் இடுப்பிலேயே செருகியிருந்தது.

அன்றைக்குத்தான் தம்பி வாயைத் திறந்தான்.

"அக்கா, இன்னொரு தடவை இந்த மாதிரி ஒண்ணு நடந்தா, நாங்க வேற வீடு பாத்துக்கிட்டுப் போயிடுவோம்."

அவ்வளவுதான் சொன்னான். இந்த உலகத்தில் அவளுக்கு என்று இருந்தது அந்த ஒருத்தன்தான். அதற்குப் பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள், குஞ்சப்புல் விஷயம் வருகிறவரைக்கும்.

அந்தப் புல் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அவள் வேலையிலிருந்து நின்ற சமயம் ஃபேக்டரி வாசலை அகலப்படுத்தினார்கள். அங்கே அழகுக்காக வைத்திருந்த உயரமான புல்லை வேரோடு பெயர்த்து ஓரமாக எறிந்துவிட்டார்கள். வேர் வானத்தைப் பார்த்துக்கொண்டு வெயிலில் கிடந்தது. போகிற போக்கில் அதில் ஒரு தூரைச் சாக்கில் போட்டுத் தூக்கி வந்துவிட்டாள். செத்த புல்லைச் சுமந்துகொண்டு வருகிறாளே என்று தெருவே சிரித்தது. கேட்டுக்கும் வாசல்படிக்கும் நடுவில் குழி தோண்டி வைத்தாள். பத்து நாள் கழித்துத் தளிர் விட்டது. அப்புறம் என்ன, இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து, நாலு பக்கமும் வளைந்து விழுந்து, ஒவ்வொரு நுனியிலும் செம்பழுப்பாகப் பூனை வால் மாதிரி குஞ்சம் விட்டது. நர்சரிக்காரர் அதற்கு என்னவோ பெயர் சொன்னார், அவள் வாயில் நுழையவில்லை. குஞ்சப்புல் என்று அவளே வைத்துக்கொண்டாள்.

தெருவில் போகிறவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள். "புல்லை எதுக்குப் போட்டோ எடுக்கறே?" என்று படியில் நின்று கேட்பாள். எடுத்தவர்கள் போனைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்குப் பெருமை தாங்காது. அவள் வாழ்நாளில் அவளை நம்பி வந்து, அவள் கையால் பிழைத்தது அந்தப் புல்தான் என்று ஒரு நினைப்பு.

நர்சரிக்காரர் சொன்ன பக்குவம் ரொம்பச் சுருக்கம். வெயில் படணும். வேர் பிடித்த பிறகு தண்ணீர் குறைவாகப் போதும். உரம் போட்டால் கொழுத்துச் சாய்ந்துவிடும், போட வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை, பனி முடிகிற நேரத்தில், தூரைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு சாண் விட்டு அறுத்துவிட வேண்டும். "மத்தபடி அது பாட்டுக்கு விட்டுடுங்க. சாகாத ஜென்மம் அது" என்றார்.

எல்லாம் செய்தாள். அது பாட்டுக்கு விடுவது மட்டும் அவளால் ஆகவில்லை. தினமும் காலையில் முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு (அந்தப் புல் தாள் கையைக் கிழித்துவிடும்) இரண்டு கையாலும் தூரைப் பிரித்து, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பாள். அடித்தாளை இழுத்துப் பார்ப்பாள். விரலை விட்டு மண்ணைக் கிளறுவாள். சட்டையை உள்பக்கம் திருப்பின கை அல்லவா?

அப்படிப் பார்த்தபோதுதான் நடுவில் அந்த வட்டம் தெரிந்தது. தூரின் நட்ட நடுவில், ஒரு தட்டு அளவுக்கு, ஒரு பச்சைகூட இல்லை. காய்ந்த கட்டைகள் மட்டும். சுற்றிலும் வளமாக வளர்ந்திருக்க, நடுவில் மட்டும் வழுக்கை. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது.

செக்கிங் அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. வெயிலில் வேர் காயக் கிடந்து பிழைத்த புல் தானாகவா சாகும்? யாரோ எதையோ ஊற்றியிருக்கிறார்கள். நெருப்பில்லாமல் புகையுமா?

முதல் சந்தேகம் பக்கத்து லாண்டரிக்காரர் மேல். அவர் கடையும் இவள் வாசலும் ஒரே மதில். பிளீச்சிங் தண்ணீர் கசிந்து வருகிறதோ என்று மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அவர் கடைக்கே போய்ச் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தாள்.

"என்னக்கா தொலைச்சீங்க?" என்றார் லாண்டரிக்காரர், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு.

"ஒண்ணுமில்ல. உங்க தண்ணி எங்க போகுது?"

"தெருப்பக்கம்தான் போகுது. உங்க வீட்டுக்குள்ள வரணும்னா மேல ஏறித்தான் வரணும்."

சரிதான். தண்ணீர் மேட்டில் ஏறாது. மனசே இல்லாமல் அவரை விட்டாள். லாண்டரிக்காரர் இல்லை என்றால் வெளி ஆள் இல்லை. வெளி ஆள் இல்லை என்றால் வீட்டில் இருப்பது மூன்று பேர். அவள் இல்லை, தம்பி இல்லை. கணக்கு வந்து நின்ற இடம் அவளுக்கே நெஞ்சில் சுருக்கென்றது.

அந்த வாரமே தம்பி பொண்டாட்டி, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அண்ணி, புல்லு நடுவுல காஞ்சாப்ல இருக்கே, பாத்தீங்களா? பிரிச்சு வேற நட்டா நல்லாருக்குமோ என்னமோ."

"என் புல்லை ஒருத்தரும் தொட வேணாம்" என்றாள் இவள், வெடுக்கென்று.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இவள் பிரித்துப் பார்த்தாலொழிய உள்ளே இருப்பது தெரியாது. அவளுக்கு எப்படித் தெரிந்தது?

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. மொட்டை மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு. கேட்டால், "காத்துல அடிச்சுக்குது அண்ணி, அதான். துணியெல்லாம் நானே காயப் போட்டுக்கறேன். உங்க முட்டிக்குப் படி ஆகாது" என்று பதில். இத்தனை வருஷமாக இல்லாத அக்கறை இந்த முட்டி மேல் இப்போது எங்கிருந்து வந்தது? கண்ணாடி துடைக்கிற பெண்ணின் நகக்கண்ணில் மண். சமையலறையில் பல் வைத்த பெரிய கத்தி ஒன்று உண்டு. அதைக் கழுவித்தான் வைத்திருந்தார்கள், ஆனால் பல்லுக்கு இடையில் செம்மண். விரலால் தேய்த்து முகர்ந்தாள். அவள் புல்லுக்குப் போட்ட மண்ணேதான்.

ஃபேக்டரியில் கட்டுகளுக்குப் போடுகிற ஒரு முடிச்சு இருக்கிறது. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே மறைத்துவிடுவார்கள். வேறு யாருக்கும் போட வராது. சிவப்பு நூலை எடுத்து, புல் தூரின் அடியில் சுற்றி, அந்த முடிச்சைப் போட்டு, மேலே தாள்களை இழுத்து மூடினாள். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பது. சில நாள் முடிச்சு அப்படியே இருந்தது. ஒரு நாள் இல்லை. நூல் அதே நூல்தான், ஆனால் முடிச்சு இரண்டு காது வைத்த பூமுடிச்சு. தம்பி பொண்டாட்டி சாப்பாட்டுப் பையை எப்படிக் கட்டுவாளோ, அச்சு அசல் அப்படியே.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. அப்படியும் அவள் உடனே வாயைத் திறக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். தப்பாகப் போனால் தம்பி போய்விடுவான் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் தப்பாக எப்படிப் போகும்? உள்பக்கம் திருப்பிப் பார்த்தாயிற்றே. கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுச் சும்மா இருந்தால், மறுபடி ஸ்டூல் மேல் ஏறி நிற்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்து மேஜையைத் துடைத்தாள். ஃபேக்டரியில் பழசைக் கழித்தபோது கேட்டு வாங்கி வந்த செக்கிங் மேஜை அது. அதில் சாப்பிட யாரையும் விட மாட்டாள். மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார்கள். அதன் மேல் சிவப்பு நூலை வைத்தாள். கத்தியை வைத்தாள். நடுவில் பிடுங்கின காய்ந்த கட்டை ஒன்றை வைத்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிவப்பு அம்புக்குறி ஒட்டினாள். சாட்சிக்கு லாண்டரிக்காரரையும் கூப்பிட்டாள். அந்த மனுஷன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து, மேஜையைப் பார்த்துவிட்டுக் கதவோரமாக ஒண்டிக்கொண்டார்.

"என்னக்கா இது?" என்றான் தம்பி.

"உன் பொண்டாட்டிய கேளு. என் புல்லுக்கு என்ன ஊத்தினா, எதை அறுத்தா, மாடிய எதுக்குப் பூட்டினா. எல்லாத்துக்கும் பதில் சொல்லச் சொல்லு."

தம்பி மனைவியைப் பார்த்தான். அவள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துவந்து, மேஜை மேல், கடைசி ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏறிப் பாருங்க அண்ணி."

ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் முட்டி உயிரை எடுத்தது. எப்போதும் கையைப் பிடிக்கிற தம்பி அன்றைக்குப் பிடிக்கவில்லை, பின்னால் வந்தான். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள்.

மாடிச் சுவரோரமாகப் பழைய பெயிண்ட் டின்கள் வரிசையாக இருந்தன. அடியில் ஓட்டை போட்டு, மேலே பழைய போர்வையை நிழலுக்குக் கட்டியிருந்தது. ஒவ்வொரு டின்னிலும் ஒரு கைப்பிடி குஞ்சப்புல், பச்சைப் பசேலென்று. இரண்டு டின்னில் குஞ்சமே வந்திருந்தது.

"நீங்க காலையில பிரிக்கறப்போ நடுவுல காஞ்சிருந்ததைப் பாத்துட்டு நர்சரில கேட்டேன் அண்ணி" என்றாள் தம்பி பொண்டாட்டி, கதவருகில் நின்றபடி. "வயசானா இந்தப் புல்லு நடுவுலதான் சாகுமாம். ஓரத்துல உயிரு இருக்குமாம். ஓரத்த அறுத்து வேற நட்டா மறுபடி புதுசா வருமாம். உங்ககிட்ட சொன்னேன், தொடக்கூடாதுன்னீங்க. அப்படியே விட்டா முழுசாப் போயிடுமேன்னு நானே கொஞ்சம் அறுத்தேன். வேர் பிடிச்சதும் கீழ கொண்டுவந்து காட்டலாம்னு இருந்தேன். கண்ணால பாக்காம நீங்க நம்ப மாட்டீங்களே."

செக்கிங் அக்கா டின் டின்னாகக் குனிந்தாள். தாளைப் புரட்டினாள், அடியைத் தடவினாள், ஓட்டையில் விரல் வைத்தாள். பழக்கம் விடுமா? ஒரு குறை கிடைக்காதா என்று தேடினாள். இருக்கவே இல்லை. அவ்வளவு சுத்தமான வேலையை அவள் மேஜைக்கு வந்த எந்தச் சட்டையிலும் பார்த்ததில்லை. தப்பு பண்ணிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் மனசில் இருந்தது. ஆனால் நிமிர்ந்ததும் வாயில் வந்தது வேறு.

"தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்தியிருக்கே."

லாண்டரிக்காரர்கூடப் படியில் நின்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

தம்பி கோபமாகப் பேசவில்லை. "நான் வீடு பாக்கறேன்க்கா" என்றான். மனைவியைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

மாசம் திரும்புவதற்குள் வீடு கிடைத்துவிட்டது. சாமான் ஏற்றுகிற அன்றைக்கு, தம்பி கடப்பாரையை எடுத்துவந்து, யாரும் கேட்காமலே புல் தூரின் செத்த நடுவைப் பெயர்த்து எடுத்துப் போட்டான். தம்பி பொண்டாட்டி மாடியிலிருந்து ஒரு டின்னைச் சுமந்துவந்து, அதிலிருந்த புல்லை மண்ணோடு எடுத்து அந்தக் குழியில் வைத்து மண்ணை அணைத்தாள். மற்ற டின்களெல்லாம் வண்டியில் ஏறிவிட்டன.

"இது வேர் பிடிக்கக் கொஞ்ச நாளாகும் அண்ணி. பிரிச்சுப் பிரிச்சுப் பாக்காதீங்க. தினமும் இழுத்துப் பாத்தா எந்தப் புல்லுதான் தாங்கும்?"

"பாக்கலைன்னா பிடிச்சுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

தம்பி பொண்டாட்டி கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வீடு ஓவென்று கிடந்தது. சர்க்கரை டப்பாவில் வைத்த அளவு வைத்தபடி இருந்தது, ஸ்பூன் போட்ட இடத்தில் கிடந்தது. சந்தேகப்பட ஆள் இல்லை. காலையில் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போவாள். புதுப்புல் வாடியிருந்தது. ஓரத்தாள் பழுத்திருந்தது. சும்மா லேசாக இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், வேர் பிடித்திருந்தால் வராது, பிடிக்காவிட்டால் கையோடு வந்துவிடும். கை போகும். அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பாள். லாண்டரிக்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னக்கா, புல்லுக்குக் காவலா?" என்பார்.

"எனக்குக் காவல்" என்பாள்.

பனி விட்டு வெயில் ஏறத் தொடங்கின சமயம் போன் அடித்தது. தம்பி பொண்டாட்டி. அவள் அதுவரைக்கும் கூப்பிட்டதில்லை.

"அண்ணி, நல்லாருக்கீங்களா? முட்டி வலி எப்படி இருக்கு?"

"இருக்கு, இருக்கு."

"புல்லு வேர் பிடிச்சிருச்சா?"

இவள் வாசலைப் பார்த்தாள். புல் நின்றுகொண்டிருந்தது.

"தெரியல" என்றாள்.

"தெரியலைன்னா?"

"நான் பிரிச்சுப் பாக்கல. இழுத்தும் பாக்கல."

போன் கட்டாகிவிட்டதோ என்றுகூட இவள் எடுத்துப் பார்க்கவில்லை. காதிலேயே வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அன்னிக்கு மாடியில நான் சொன்னது பொய்யி. தண்ணி நீ சரியாத்தான் ஊத்தியிருந்தே."

"தெரியும் அண்ணி" என்றாள் தம்பி பொண்டாட்டி. "ஞாயித்துக்கிழமை வர்றோம். அதுவரைக்கும் தொடாதீங்க, வந்து சேந்தே பாப்போம்" என்றாள்.

போனை வைத்த பிறகு, நிஜமாகவே வருவார்களா என்று தம்பிக்கு ஒரு போன் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாமா என்று இருந்தது. போடவில்லை. உள்ளே போய், செக்கிங் மேஜையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த சிவப்பு அம்புக்குறிகளை நகத்தால் சுரண்டி எடுத்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். அதைச் சுற்றி மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.